அலிஃபுக்கு ஏழு புள்ளி

கல்கத்தாவில் கடை வைத்து நாற்பது வருஷமாகிறது. ஜக்கரியா தெரு வழியாகப் போகும்போதெல்லாம் நாகோதா மசூதியைப் பார்ப்பேன். 1926-இல் கச்சி மேமன் சமூகத்தார் கட்டத் தொடங்கியது. நாகோதா என்றால் மரக்கலத் தலைவன். அந்தப் பக்கத்து அரபு, உருது எழுத்துகளை வெறும் பூவேலை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள், இங்கேயே பிறந்து வளர்ந்த என் பேரன் ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, "தாத்தா, தமிழ் ஜிலேபி மாதிரி இருக்கு" என்றான். சுருக்கென்றது. நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்?

அந்தத் தெருவில் பத்திரிகை எழுதித்தந்த முதிய காத்திப் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். காத்திப் என்றால் எழுத்துக் கலைஞர். "பாய், இதுல கணக்கு ஏதாவது உண்டா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். (வியாபாரி புத்தி!) அவர் சாய்வாக நுனி சீவிய நாணல் பேனாவைத் தாளில் அழுத்தினார். சாய்சதுரமாக ஒரு புள்ளி விழுந்தது. அதுதான் அளவுகோல். 'அலிஃப்' என்ற நெட்டெழுத்துக்குத் துலுத் பாணியில் ஏழு புள்ளி உயரம், நஸ்க் பாணியில் ஐந்து என்பது பொது வழக்கு. நுனி பருத்தால் புள்ளி பருக்கும், அலிஃபும் வளரும், விகிதம் மாறாது. இம்முறையை வகுத்தவர் என்று 940-இல் மறைந்த பாக்தாத் அமைச்சர் இப்னு முக்லாவைச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கோலத்தில் புள்ளி கடைசிவரை நிற்கும். இங்கே பயிற்சித்தாளோடு சரி.

வங்காளத்துக்கே உரிய பாணியும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில், மால்டா மாவட்டத்துக் கௌர் நகரை ஆண்ட சுல்தான்களின் கல்வெட்டுகளில், நெட்டெழுத்துகள் அம்புகளாக வரிசைகட்டி நிற்கும். வளைந்த எழுத்துகள் வில்லாகக் குறுக்கே கிடக்கும். 'வில்லும் அம்பும்' என்றே அறிஞர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். கற்றவர்களே நிறுத்தித்தான் படிக்கவேண்டும். சௌரங்கி அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் சுல்தான் காலக் கல்வெட்டுகள் உண்டு.

உருவத்துக்கு இடமில்லாததால் எழுத்து வளர்ந்தது என்பார்கள். அது பாதிதான். குர்ஆன் இறைவனின் சொல் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சொல் கண்ணுக்குத் தெரியும் வடிவம் எழுத்து. அதனால்தான் ஒளு செய்து, உடல் சுத்தத்தோடு உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஒரே எழுத்தை மாதக்கணக்கில் எழுதவைத்து, உஸ்தாத் புள்ளி வைத்துத் திருத்துவார். என் இஷ்டத்துக்கு வளைப்பேன் என்கிற எண்ணம் அதில் கரைந்துபோகும். சமணர்களான எங்களுக்கு இது அந்நியமில்லை: ஏடு பிரதியெடுத்துக் கொடுப்பது சாஸ்திர தானம், சுருத பஞ்சமியன்று ஏடுகளுக்கே பூஜை.

காத்திப் என் கடை பில்லின் பின்பக்கம் ஓர் அலிஃப் எழுதி, பக்கத்தில் ஏழு புள்ளி வைத்துக் கொடுத்தார். வீட்டில் அதைப் பேரனிடம் காட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "தமிழ் 'அ'வுக்கு எத்தனை தாத்தா?" என்றான். இப்போது ஞாயிறுதோறும் சிலேட்டோடு உட்காருகிறோம்.