ஒற்றைத் தடத்தில் ஓடும் செய்தி

தேயிலைத் தொழிற்சாலையின் விறகு உலையருகே காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு சேருமாயின், மூக்கு அறியாது, அதற்கு மணமில்லை. வாயு அளக்கும் கருவியே அறிந்து கணினிக்கு உரைத்தல் வேண்டும். எவ்வாறு உரைக்கும்?

வட்டகொடையைக் கடக்கும் புகையிரதப் பாதை ஒற்றைத் தடம். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்கின்றன. 1960இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ். 232 நியமத்திலும் ஓர் எழுத்தின் எட்டுத் துடிப்புகள் ஒரே கம்பியில் வரிசையாகச் செல்கின்றன. முன்னே தொடக்கக் குறி, பின்னே முடிவுக் குறி. விநாடிக்கு 9600 துடிப்புகள் எனின், 960 எழுத்துகள் சேரும்.

இருபுறமும் வேகம் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று 9600, மற்றது 4800 எனின் எண் குழம்பிவிடும். ஒன்றன் அனுப்பும் முனை மற்றதன் பெறும் முனையைச் சேர்தல் வேண்டும். தரைக்கம்பி இரண்டிற்கும் பொது. இறுதியாக, கருவி முகத்தில் காணும் எண்ணையும் கணினித் திரையில் தோன்றும் எண்ணையும் கண்ணால் ஒப்பிடுக. அதுவரை அவ்வெண்ணை நம்பி உலையருகே எவரையும் நிறுத்துதல் ஆகாது.