ஒடுக்கு விழுந்த அலுமினியப் படகு: தட்டுவதா? வெட்டுவதா?

சுத்தியலை எடுக்கும் முன்பு கையால் தடவிப் பாருங்கள்!

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை ஆத்தூர், ஏரல் வட்டாரம் மறக்காது. வானம் பொத்துக்கொண்டது. பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஊருக்கு ஊர் தொடர்பு அறுந்தது. கடலில் ஓட வேண்டிய படகுகள் லாரியில் ஏறி ஊருக்குள் வந்தன. மொட்டை மாடியில் தவித்தவர்களை மீட்டன.

கடலில் ஓடும் படகுக்குக் கடலின் ஆபத்து மட்டும்தான். தெருவில் ஓடும் படகுக்கோ ஆயிரம் ஆபத்து! காம்பவுண்டு சுவர், மூழ்கிக் கிடக்கும் மோட்டார் சைக்கிள், கண்ணுக்குத் தெரியாத மைல் கல் எல்லாமே அடியில் இடிக்கும். வெள்ளம் வடிந்த பிறகு படகைக் கரையில் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அடுத்த மழைக்குத்தான் அதன் நினைப்பு வரும். அப்போது அது ஒழுகினால்?

மரப் படகுக்குப் பஞ்சு வைத்து அடைக்கத் தெரிந்தவர்கள் தூத்துக்குடி கரையில் உண்டு. ஃபைபர் வள்ளத்துக்கு ஒட்டுப் போடவும் ஆள் இருக்கிறது. அலுமினியப் படகு என்றால்தான் பலருக்கும் குழப்பம்.

எதற்கு அலுமினியம்?

எடை குறைவு. அதே அளவு இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். நாலு பேர் சேர்ந்தால் சின்னப் படகைத் தலைக்கு மேல் தூக்கிவிடலாம். அமெரிக்காவில் விமானம் கட்டிய கிரம்மன் கம்பெனி, இரண்டாவது உலகப் போர் முடிந்த சமயத்தில் அலுமினியத் துடுப்புப் படகு செய்ய இறங்கியது இதனால்தான். நம் கடலோரக் காவல்படையின் வேகப் படகுகளில் பலவும் அலுமினியக் கலவையில் கட்டியவையே.

ஆனால் வீட்டு இட்லிக் குண்டான் அலுமினியம் வேறு, படகு அலுமினியம் வேறு. படகுத் தகட்டில் மக்னீசியம் கலந்திருக்கும். 5083 என்ற ரகத்தில் 100-க்கு 4 முதல் 5 பங்கு வரை உண்டு. உப்புத் தண்ணீரை அது தாங்கும்.

முதலில் தடவு!

படகைக் கவிழ்த்துப் போட்டு, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் கைக்குத் தப்பாது.

ஒடுக்கில் மூன்று ஜாதி உண்டு.

ஒன்று: கிண்ணம் போல வழவழப்பாகக் குழிந்தது. கீறல் இல்லை, உள்ளே விலா எலும்பு போல ஓடும் சட்டத்தின் மேல் இல்லை என்றால் பயமில்லை. அப்படியே விட்டாலும் படகு ஓடும்.

இரண்டு: மடித்த காகிதம் போல விளிம்பு கட்டியது. இது மோசம். மடிந்த இடத்தில் தகடு இழுபட்டு மெலிந்திருக்கும். அங்கேதான் விரிசல் பிறக்கும்.

மூன்று: சட்டத்தின் மேலோ, பற்றவைத்த இடத்தின் மேலோ, ரிவிட் வரிசையின் மேலோ விழுந்தது. வெளியே சின்னதாகத் தெரியும். உள்ளே சட்டம் வளைந்திருக்கும், வெல்டிங் விட்டிருக்கும். உள்பக்கம் பலகையைக் கழற்றிப் பார்க்காமல் இதற்குத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

இன்னொரு சோதனை. ஒடுக்கைக் கட்டை விரலால் அழுத்துங்கள். எண்ணெய் டின் போல "டப், டப்" என்று உள்ளே போய் வெளியே வருகிறதா? தகடு இழுபட்டுத் தொளதொளத்துவிட்டது என்று அர்த்தம். ஓடும்போது ஒவ்வொரு அலைக்கும் அது அப்படித்தான் அடித்துக்கொள்ளும். கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிவது மாதிரி ஒருநாள் தகடும் கிழியும்.

சிவப்பு மை சொல்லும் சேதி

மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று சிவப்புச் சாயம் கிடைக்கிறது. சுத்தம் செய்த இடத்தில் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி மருந்து அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையில் ஊறிச் சிவப்புக் கோடாக எட்டிப் பார்க்கும்.

ரிவிட் அடித்த படகுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கரையில் நன்றாக முட்டுக் கொடுத்து நிறுத்தி, படகுக்குள்ளே தண்ணீர் ஊற்றுவது. வெளியே சொட்டும் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டால் ஆயிற்று. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாய் வரை நிரப்பினால் பாரத்திலேயே படகு நெளிந்துவிடும்! சில அங்குலம் போதும்.

தட்டுவது எப்படி?

"நாலு தட்டு தட்டினா சரியாப்போகும் அண்ணாச்சி!" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஆள் உண்டு. நாலு பலமான அடி அல்ல, நாற்பது லேசான தட்டு வேண்டும்.

வெளிப்பக்கம் மணல் மூட்டையை அணை கொடுத்து, உள்பக்கமிருந்து மரக் கொட்டாப்புளியாலோ ரப்பர் சுத்தியலாலோ தட்ட வேண்டும். நடுவில் அடிக்கவே கூடாது. ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். பாத்திரக் கடைக்காரர் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரும்புச் சுத்தியல் தகட்டை மேலும் இழுத்து மெலியவைக்கும்.

பழையபடி கண்ணாடி போல வந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். தட்டத் தட்டத் தகடு இறுகும். இறுகிய தகடு எளிதில் விரியும். முக்கால்வாசி வந்தால் நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கேஸ் விளக்கால் சூடு காட்டுவது பெரிய ஆபத்து. இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அப்படிச் சிவந்து காட்டாது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், கலவைத் தகடு அதற்கும் முன்பே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று ஓட்டை விழுந்துவிடும். உருகாவிட்டாலும் சூடு பட்ட இடம் பலம் குறையும்.

வெட்ட வேண்டிய நேரம்

விரிசலின் மேல் கார் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. அது காயத்தின் மேல் பவுடர் போடுகிற வேலை. முறையான வேலை வேறு. விரிசலின் இரண்டு நுனியிலும் சிறிய துளை போட வேண்டும். அதோடு விரிசல் ஓடுவது நிற்கும். பிறகு கோட்டைச் செதுக்கிச் சுத்தம் செய்து, ஆர்கான் வாயு வெல்டிங்கில் பற்றவைக்க வேண்டும். மடிந்து மெலிந்த தகடு என்றால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து, அதே ரகத் தகட்டை மூலை வளைத்துப் பொருத்த வேண்டும். மூலை கூராக இருந்தால் அங்கிருந்தே மறுபடி விரிசல் கிளம்பும். வெல்டிங்குக்கு முன்பு பெட்ரோல் டாங்கியைக் கழற்றி அப்பால் வைப்பது உயிருக்கு உறுதி.

செம்பு என்ற எதிரி

உப்புத் தண்ணீரில் அலுமினியமும் செம்பும் சேர்ந்தால் பாட்டரி மாதிரி வேலை செய்யும். அரிபடுவது அலுமினியம்தான். செம்பு காசு ஒன்று பலகைக்கு அடியில் கிடந்தாலும் நாளடைவில் குழி பறிக்கும். 1895-ல் அமெரிக்கா கோப்பைப் பந்தயத்தில் ஜெயித்த 'டிஃபென்டர்' என்ற படகுக்கு அடிப்பகுதி வெண்கலம், மேல்பகுதி அலுமினியம். ஜெயித்தது என்னவோ நிஜம். ஆனால் அரித்துப் போய், 1901-ல் உடைத்துப் போட்டுவிட்டார்கள்! எனவே பித்தளை ஆணி, செம்பு கலந்த பெயின்ட் இரண்டும் ஆகாது.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கும் நேரம் அது. வெள்ளத்துக்கென்று ஒதுக்கி வைத்த படகையும் அப்போதே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழை சொல்லிக்கொண்டா வருகிறது? மாடியில் நின்று கை காட்டுபவருக்கு, வருகிற படகு ஒழுகாத படகாக இருக்க வேண்டும்.