நெடிய வாடையும் நல்ல வாடையும்



சென்ற தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, கனடாவில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் கதைத்தான். "இஞ்ச சரியான குளிரடா. காதைச் சுத்திச் சால்வை கட்டிக்கொண்டுதான் கதைக்கிறன்" என்றேன். அவனுடைய சிரிப்பு அடங்கச் சற்று நேரம் சென்றது. "அண்ணை, இஞ்ச சைபருக்குக் கீழ இருபது. அங்க எவ்வளவு?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்துக் குளிர் எவ்வளவுதான் இறங்கினாலும் சைபருக்கு மேலே இருபதை ஒட்டித்தான் நிற்கும். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கதையை முடிக்குமுன் அவனே சொன்னான்: "எண்டாலும் அண்ணை, அந்தக் குளிர் இஞ்ச இல்லை."

வெப்பமானி காட்டாத ஏதோ ஒன்று நமது பனிக்காலத்தில் இருக்கின்றது. அதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மழையோடு வரும் குளிர் கூதிர். மழை ஓய்ந்தபின் பனியோடு வரும் குளிர் முன்பனி. இப்பாகுபாடு யாழ்ப்பாணத்துக்கு இன்றும் பெரும்பாலும் பொருந்துகின்றது. முகில் மூடிய இரவில் நிலத்தின் சூடு எளிதில் மேலே தப்பிப் போவதில்லை. முகிலே நிலத்துக்குப் போர்வையாகிவிடுகின்றது. வானம் வெளித்த தை மாத இரவில் அந்தப் போர்வை இல்லை. நிலம் சூட்டை இழந்து குளிர, அதைத் தொட்ட ஈரக்காற்றிலுள்ள நீராவி புல்லிலும் வாழையிலையிலும் துளியாகப் படிகின்றது. மழை இல்லாத இரவே கூடுதலாகக் குளிர்வதன் காரணம் இதுதான்.

இக்காலத்தில் விடிய எழுந்து கிணற்றடிக்குப் போனவர்கள் ஒரு புதுமையைக் கண்டிருப்பீர்கள். வெளியே உடல் நடுங்கும். அள்ளி வார்க்கும் தண்ணீரோ இளஞ்சூடாயிருக்கும். சில காலைகளில் கிணற்றிலிருந்து ஆவிகூட எழும். இரவோடிரவாகக் கிணற்றைச் சூடாக்கியவர் எவருமில்லை. நிலத்தின் ஆழத்திலுள்ள நீர் கோடையிலும் பனியிலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். ஆகவே சித்திரை வெயிலில் அது குளிர்ச்சி. மார்கழி விடியலில் அது சூடு. மாறுவது நாமும் நம்மைச் சூழ்ந்த காற்றுமே.

என் சிறுவயதில் பனிக்காலம் என்றால் எங்கள் ஆச்சியின் அடுப்படிதான். திருவெம்பாவை நாட்களில் விடியுமுன்னரே சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும். அந்தச் சத்தத்துக்கு எழும்பிப் போர்வையோடு அடுப்படிக்குப் போய்க் குந்துவோம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணி குடிப்போம். ஆவணி, புரட்டாதியில் பாத்தி போட்ட பனங்கொட்டைகள் தையளவில் கிழங்காகிவிடும். அவித்த கிழங்கை இரண்டாகப் பிளந்து, தும்பை உரித்து, உப்பும் மிளகும் தொட்டுத் தின்பதில் உள்ள சுகத்தைத் தின்றவரே அறிவர். மிஞ்சியதை ஆச்சி இரண்டு விதமாகக் காய வைப்பார். அவித்துக் காய்ந்தது புழுக்கொடியல். அவியாமற் காய்ந்தது ஒடியல். முன்னது கடித்துத் தின்ன, பின்னது மாவாக்கிக் கூழுக்கும் பிட்டுக்கும்.

இத்தகைய வீட்டுக் காட்சிகளை இலக்கியமாக்கலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டவர்கள் சங்கப் புலவர்கள். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை நக்கீரர் பாடியது. 188 அடிகளைக் கொண்டது. கூதிர்காலத்தில் ஊரும் வீடும் என்ன ஆகின்றன என்பதை அவர் ஒவ்வொன்றாகக் காட்டுகின்றார். சூரியனைக் காணாத பெண்கள் பிச்சியரும்பு மலர்வதைக் கொண்டு மாலைப்பொழுதை அறிந்து விளக்கேற்றுகின்றனர். வீட்டுப் புறாக்கள் இரவு பகல் தெரியாமல் இருந்த இடத்திலேயே மாறி மாறி இருக்கின்றன. சந்தனம் அரைக்கும் கல் தொழிலின்றிக் கிடக்கின்றது. விசிறி சுருக்கப்பட்டுச் சிலந்திநூல் படிந்து தொங்குகின்றது. குளிர்ந்த நீரை எவரும் விரும்பாது நெருப்புச் சட்டியை நாடுகின்றனர். குளிர் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், ஒரு விசிறியைக் காட்டியே குளிரை உணர்த்துவது பெரும் புலமையன்றோ?

ஆனால் பாட்டு அங்கே முடிவதில்லை. அரண்மனையில் அரசி கணவனைப் பிரிந்து உறக்கமின்றி இருக்கின்றாள். அரசனோ போர்ப் பாசறையில், நள்ளிரவில் சிலரோடு மட்டும் புறப்பட்டு, புண்பட்ட வீரரைக் கண்டு வருகின்றான். வாடை வீசுந்தோறும் அங்குள்ள விளக்குகளின் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. பாட்டின் பெயருக்கு உரை கூறிய நச்சினார்க்கினியர், பிரிந்திருக்கும் அரசிக்கு அது நெடிய வாடை என்றும், வினைமேற் சென்ற அரசனுக்கு அது நல்ல வாடை என்றும் விளக்குகின்றார். காற்று ஒன்று, பெயர் இரண்டு.

இந்த விளக்கத்தைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் படித்தபோது, எனக்கு நினைவு வந்தது 1995ஆம் ஆண்டு மார்கழி. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு வாசலை விட்டு, மழையில், செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து நடந்தோம். எனக்கு வயது பதினைந்து, தம்பிக்குப் பத்து. ஆச்சி மட்டும் வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். "வயது போன என்னை ஆர் என்ன செய்யப்போறாங்கள்? நீங்கள் பிள்ளையளைக் கொண்டு போங்கோ" என்றார். கதைத்து மாற்ற நேரம் இருக்கவில்லை.

அந்தப் பனிக்காலத்தைத் தென்மராட்சியில் ஒருவர் வீட்டு விறாந்தையில் கழித்தோம். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு ஒன்று இருந்தது. உண்மையைச் சொன்னால், தம்பிக்கும் எனக்கும் அந்த நாட்கள் அவ்வளவு கசக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லை. புதிய சிநேகிதர்கள். ஒரே பாயில் ஆறு பேராக முட்டி மோதிக்கொண்டு கிடந்ததில் குளிரும் தெரியவில்லை. ஆனால் இரவில் எப்போது கண் விழித்தாலும் அம்மா குந்தியிருப்பார். "ஏனம்மா படுக்கேல்லை?" என்று கேட்டால், "விளக்கு நூந்து போகும்" என்பார். சுடர் வாடையில் தெற்கே சாய்ந்து சாய்ந்து நிமிரும். அவர் பார்த்துக்கொண்டிருந்தது விளக்கையல்ல என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒரே விறாந்தையில் எங்களுக்கு நல்ல வாடை. அம்மாவுக்கு நெடிய வாடை.

1996 சித்திரையில் திரும்பி வந்தோம். ஒழுங்கை முழுவதும் பற்றை. எங்கள் படலையடியில் ஆச்சி, பாதியாய் மெலிந்து நின்றார். அம்மா வாய்விட்டு அழுதார். ஆச்சி அழவில்லை. "கிழங்கு முத்திப் போகுமெண்டு பாத்தியைக் கிண்டி ஒடியலாக்கிப் போட்டன். பிள்ளையளுக்குக் கூழ் காய்ச்சலாம்" என்று மட்டும் சொன்னார். ஒருவருமில்லாத ஊரில் தனியாக இருந்த அந்தக் கிழவி, பனிக்காலம் முழுவதும் எங்களுக்காக ஒடியல் காயவைத்திருக்கின்றார். அன்று குடித்த கூழ் சித்திரை வெயிலில் குடித்த கூழ். ஆனாலும் அந்த ஆண்டின் பனிக்காலம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

பின்பனியைப் பிரிவுக்குரிய பாலைத்திணைக்கும் உரியதாகத் தொல்காப்பியர் வைத்ததை உயர்தர வகுப்பில் சொல்லும்போது, "வெயிலுக்குரிய பாலைக்குப் பனி எப்படி, சேர்?" என்று மாணவர் கேட்பதுண்டு. வீட்டில் ஒருவர் குறைந்தால் பனியும் சுடும் என்பேன். சிலருக்கு உடனே விளங்கும். அவர்களின் வீட்டிலும் யாரோ தூரத்தில் இருப்பார்கள்.

ஆச்சி காலமாகிப் பல ஆண்டுகள். இப்போது பாத்தி போடுவது அம்மா. தம்பியோடு நான் கதைத்த அன்று தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, "காதை மூடிக்கட்டடா" என்று சைபருக்குக் கீழ் இருபதில் நிற்பவனுக்குப் புத்தி சொன்னார். பிறகு முற்றத்துக்குப் போய், பனி உலரட்டும் என்று காத்திருந்து பாயை விரித்தார். கனடாவுக்கு அனுப்பப் புழுக்கொடியல் காயவேண்டும்.