பற்றும் வரவும்

இன்றைய பேச்சு கல்லூரியில் கணக்கியல் படிக்கப் போகும் மாணவ மாணவியருக்கும், அவர்களை அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும் உரியது. பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சில தொகைகளைச் சொல்லப் போகிறேன்.

வணிகவியல், நிர்வாகவியல் என்று எதை எடுத்தாலும் தொடக்கத்திலேயே நிதிக் கணக்கியல் வந்து நிற்கும். எஸ்.பி.எம். தேர்வில் கணக்கியல் கோட்பாடுகளைப் பாடமாக எடுத்தவர்கள் ஒரு பக்கம். அறிவியல் பிரிவிலிருந்து வந்து, பேரேடு என்ற ஒன்றைக் கண்ணாலும் காணாதவர்கள் மறு பக்கம். இரு சாராரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்கிறார்கள். முன்னவர், 'இது தெரிந்ததுதானே' என்று அசட்டையாக இருந்துவிடுகிறார். பின்னவர், 'எனக்குக் கணிதம் வராதே' என்று அஞ்சுகிறார். இரண்டுமே தவறு. இந்தப் பாடத்துக்கு வேண்டிய கணிதம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், கொஞ்சம் விழுக்காடு, அவ்வளவே. இடறி விழச் செய்வது வேறொன்று. டெபிட், கிரெடிட் என்ற இரண்டு சொற்கள்தாம் அவை. தமிழில் பற்று, வரவு.

நம் வீட்டில் வரவு செலவு என்று பேசிப் பழகியிருக்கிறோம். சம்பளம் வந்தால் வரவு. அரிசி வாங்கினால் செலவு. இந்தப் பழக்கத்தோடு வகுப்புக்குப் போகும் மாணவரிடம் விரிவுரையாளர், 'கடைக்கு 500 வெள்ளி ரொக்கம் வந்தது. ரொக்கக் கணக்கை டெபிட் செய்' என்கிறார். டெபிட் என்றால் பற்று. வந்த பணத்தைப் போய்ப் பற்று என்கிறார்களே! மாணவர் குழம்புகிறார். பிறகு, 'இடப்பக்கம் டெபிட், வலப்பக்கம் கிரெடிட்' என்று மனப்பாடம் செய்துகொள்கிறார். அந்த மனப்பாடம் முதல் சில வாரங்களுக்குத்தான் கைகொடுக்கும். சரிக்கட்டுப் பதிவுகள் என்ற பகுதி வந்ததும் கைவிட்டுவிடும். இந்தப் பாடத்தை வெறுத்துப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விடுகிறார்கள்.

தமிழ்ச் சொற்களையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். பற்றுதல் என்றால் பிடித்துக்கொள்ளுதல், பெற்றுக்கொள்ளுதல். பேரேட்டில் உள்ள ஒவ்வொரு கணக்கையும் ஓர் ஆளாக எண்ணிக்கொள்ளுங்கள். கல்லாப்பெட்டி ஓர் ஆள். சரக்கு ஓர் ஆள். வாடகை ஓர் ஆள். கடனுக்குச் சாமான் வாங்கிப் போனவர் ஓர் ஆள். எந்த நடவடிக்கையிலும் ஒருவர் பெறுகிறார், ஒருவர் தருகிறார். பெற்றுக்கொண்டவர் பெயரில் பற்று; யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரில் வரவு. 500 வெள்ளியைப் பற்றிக்கொண்டது கல்லாப்பெட்டி. ஆகவே அதன் பெயரில் பற்று. அது விற்பனையிலிருந்து வந்தது. ஆகவே விற்பனையின் பெயரில் வரவு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு என்று சொல்லும் விதி இதுவே. ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்ற எண்ணமே இதில் இல்லை.

இதை உடனே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நீங்கள் பேங்கில் 500 வெள்ளி போடுகிறீர்கள். மாத முடிவில் பேங்கு அனுப்பும் கணக்கில் அது கிரெடிட் என்று இருக்கும். உங்கள் ஏட்டில் எழுதினால் பேங்கின் பெயரில் டெபிட் என்றுதான் வரும். யார் சொல்வது சரி? இருவரும் சொல்வது சரி. பேங்கின் பார்வையில் பணம் உங்களிடமிருந்து வந்தது. உங்கள் பார்வையில் பேங்கு அதைப் பெற்றுக்கொண்டது. ஒரே 500 வெள்ளி, இரண்டு ஏடுகள், இரண்டு பார்வைகள். இது மனத்தில் பதிந்துவிட்டால் அந்தத் தவணையின் பாதிச் சுமை இறங்கியது போல.

பினாங்கில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை எடுத்துக்காட்ட நான் வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுனில் பினாங்கு வீதி இருக்கிறதல்லவா? தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் வீதி. அங்கே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அதில் பல தொழில் நிலையங்களின் ஆட்கள், ஆளுக்கொரு பெட்டியும் தாழ்ந்த சாய்வு மேசையும் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்து வட்டித் தொழில் நடத்தினார்கள். அங்கே கணக்குப் படிக்கக் கல்லூரி இல்லை, தொழிலே கல்லூரி. பதின்ம வயதுப் பையன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். கூட்டிப் பெருக்குவான், ஓலை கொண்டு போவான், சிட்டையைப் பார்த்துப் படிப்பான். பிறகு அடுத்தாள் ஆவான். பல ஆண்டுகளுக்குப் பின் மேலாள் ஆகி ஒரு கிளையையே நடத்துவான். இருபதில் ஒரு பங்கான மா, எண்பதில் ஒரு பங்கான காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரி ஆகிய பின்னங்களை எல்லாம் தாளின்றி மனத்திலேயே கூட்டுவான். இன்றைய மாணவர் கணிப்பொறியைத் தட்டியும் சில வேளை தவறவிடுகிறார் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய மனக்கணக்கை அல்ல, ஏட்டை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய பணம் பினாங்கிலே புழங்கும். நடுவில் வங்கக் கடல். மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். தவணை முடிந்ததும் ஊருக்குப் போய்க் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். கல்லாவை முதலாளி கண்ணால் பார்க்க முடியாது. ஏட்டைத்தான் பார்க்க முடியும். ஆகவே மேலாளின் சொந்தப் பணமும் தொழிலின் பணமும் ஏட்டில் ஒருநாளும் கலக்கக் கூடாது. ஒவ்வொரு தொகைக்கும் பற்று ஓரிடத்தில், வரவு ஓரிடத்தில் இருக்க வேண்டும். பேரேட்டைத் திரட்டி ஐந்தொகை போட்டால் இரு பக்கமும் நேராக வேண்டும். இந்த ஐந்தொகை என்ற சொல்லைத்தான் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஆங்கிலத்தில் பாலன்ஸ் ஷீட் எனப்படுவதற்கு வைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் இருப்புநிலைக் குறிப்பு என்பார்கள். நம் நாட்டில் மலாய் மொழியில் படித்தவர்களுக்குக் குஞ்சி கிரா-கிரா என்ற பழைய பெயர் நினைவிருக்கும். எல்லாம் ஒன்றே.

இத்தாலியத் துறவி லூக்கா பாச்சியோலி 1494ஆம் ஆண்டில் வெனிசில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வெனிசு வணிகர்கள் எழுதிவந்ததை எடுத்துச் சொன்னார். யாரிடமிருந்து யார் கற்றார் என்ற வழக்குக்குள் நாம் நுழைய வேண்டியதில்லை. கடல் கடந்து பணத்தை அனுப்பியவர்களுக்கு இந்த முறை தேவைப்பட்டது என்பதே நமக்குப் போதும். இன்று பங்குதாரர் ஓரிடத்தில் இருக்கிறார், நிறுவனத்தை நடத்துகிறவர் வேறிடத்தில் இருக்கிறார். அந்தக் கடல் இன்னும் நடுவில் இருக்கிறது.

சரி, இப்போது பென்சிலை எடுங்கள்.

ஓர் அம்மாள் 10,000 வெள்ளி முதல் போட்டு மளிகைக் கடை வைக்கிறார். 2,400 வெள்ளிக்கு ஒரு குளிர்பெட்டி வாங்குகிறார். அது நான்கு ஆண்டு உழைக்கும். 6,000 வெள்ளிக்குச் சரக்கு எடுக்கிறார். அதில் 4,000 ரொக்கம், 2,000 கடன். வாடகை மாதம் 600. மூன்று மாதத்துக்கு முன்பணமாக 1,800 கொடுக்கிறார். கைக்கு உதவியாக இருந்த பெண்ணுக்குச் சம்பளம் 400. முதல் மாதத்தில் ரொக்க விற்பனை 4,500. மூன்று ஐந்து புத்தகம் என்று நாம் சொல்லும் கடன் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தது 1,000. மாத முடிவில் கடையில் மிஞ்சிய சரக்கு, அடக்க விலையில் 2,000. மின்கட்டணம் 150 வந்திருக்கிறது, இன்னும் கட்டவில்லை. வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது 700.

கல்லாவை எண்ணினால் 5,200 வெள்ளி இருக்கும். 10,000 போட்டோம், 5,200தான் இருக்கிறது. ஒரே மாதத்தில் 4,800 போய்விட்டதே, கடையை மூடிவிடலாம் என்று வீட்டில் ஒருவர் சொல்வார். 5,500க்கு விற்றிருக்கிறோமே, நன்றாகத்தான் ஓடுகிறது என்று இன்னொருவர் சொல்வார். இருவர் பேச்சையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் போடுவோம்.

விற்பனை 5,500, அதில் கடனுக்கு விற்றதும் சேரும். விற்ற சரக்கின் அடக்கம் 4,000. மொத்த இலாபம் 1,500. வாடகை இந்த மாதத்துக்கு உரியது 600 மட்டுமே. மீதி 1,200 இனி வரும் இரண்டு மாதத்துக்கானது, அது இப்போதைக்குச் சொத்து. மின்கட்டணம் கட்டாவிட்டாலும் இந்த மாதம் எரித்த விளக்குக்கு உரியது. எனவே 150 செலவு. குளிர்பெட்டி 2,400 முழுவதும் செலவன்று. 48 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 50, இதுவே தேய்மானம். சம்பளம் 400. ஆக இந்த மாதச் செலவு 1,200. நிகர இலாபம் 300 வெள்ளி.

நட்டம் இல்லை. ஆனால் அந்த அம்மாள் வீட்டுக்கு எடுத்தது 700. கடை சம்பாதித்தது 300. அப்படியானால் 400 வெள்ளி முதலிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். கல்லாவில் 5,200 இருந்ததால் இது கண்ணுக்குத் தெரியவில்லை. பல மளிகைக் கடைகள் இப்படித்தான் மெல்லச் சாய்கின்றன. வியாபாரம் இல்லாமல் அல்ல, வீட்டையும் கடையையும் ஒரே கல்லாவில் வைத்ததால். அந்த 700ஐக் கணக்கியலில் எடுப்பு என்பார்கள். அது செலவன்று, முதலாளி தம் முதலைத் திரும்பப் பெறுவது. கடைக்காரர் வேறு, கடை வேறு என்று வகுப்பில் முதல் நாளிலேயே சொல்வது எதற்காக என்பது இங்கேதான் புரியும். கிட்டங்கியில் மேலாளுக்கு விதித்த கட்டுப்பாடும் அதுவே.

ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். சொத்துகள்: ரொக்கம் 5,200, வரவேண்டிய கடன் 1,000, சரக்கு 2,000, குளிர்பெட்டி 2,350, முன்வாடகை 1,200. கூட்டினால் 11,750. மறுபக்கம், கொடுக்க வேண்டியது சரக்குக்கு 2,000, மின்சாரத்துக்கு 150. முதல் 10,000, இலாபம் 300ஐக் கூட்டி எடுப்பு 700ஐக் கழித்தால் 9,600. கூட்டினால் 11,750. இரு பக்கமும் நேராக நிற்கின்றன.

இரு பக்கமும் நேரானதும் மாணவருக்கு ஒரு மகிழ்ச்சி வருகிறது. வரட்டும், ஆனால் அந்த மகிழ்ச்சியை நம்பிவிடக் கூடாது. ஒரு சிட்டையையே எழுத மறந்திருந்தாலும் இருப்பாய்வு நேராகத்தான் இருக்கும். குளிர்பெட்டியைச் செலவு என்று எழுதியிருந்தாலும் நேராகத்தான் இருக்கும். முழுப் பொய்யும் நேராக நிற்கும். இந்தியாவில் சத்தியம் கணினி நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரியில் தம் கைப்பட ஒப்புக்கொண்டது என்ன? ஏட்டில் காட்டிய ரொக்கத்திலும் பேங்கு இருப்பிலும் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் உண்மையில் இல்லை என்பதுதான். அந்த ஐந்தொகையும் ஆண்டுதோறும் நேராகவே நின்றது. ஆகவே, தொகை சரியா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இதற்குச் சான்று எங்கே என்றும் கேட்கப் பழக வேண்டும். நம் நாட்டு 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் கணக்கேடுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது வீணுக்கல்ல.

படிக்கும் முறை பற்றி ஓரிரு சொல். இந்தப் பாடத்தைப் படித்துப் பயனில்லை, எழுத வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு 'புரிகிறது' என்று தலையாட்டுவது நீச்சலைக் கரையில் நின்று கற்பது போல. நாளுக்கு ஒரு கணக்கு, வெறுந்தாளில், விடையை மூடி வைத்துக்கொண்டு போடுங்கள். இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் முதலில் வேறுபாட்டை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை பக்கம் மாறி விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் 54ஐ 45 என்பது போல் இலக்கம் இடம் மாறியிருக்கக் கூடும். கணினி இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. பேரேட்டில் ஏற்றும் வேலையைக் கணினி செய்யும். எதைச் சொத்து என்பது, எதைச் செலவு என்பது, எந்த மாதத்துக்கு உரியது என்பவற்றை அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

முடிப்பதற்குள் ஒரு பயிற்சி. இரண்டாம் மாதத்தில் அந்த அம்மாள் பாக்கி மின்கட்டணம் 150 வெள்ளியைக் கட்டுகிறார். கடன் புத்தகத்தில் இருந்த 1,000இல் 400 வெள்ளி வசூலாகிறது. இரண்டுக்கும் யார் பெயரில் பற்று, யார் பெயரில் வரவு? இரண்டாம் மாத இலாபம் இவற்றால் எவ்வளவு மாறும்? ஒரு காசும் மாறாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏன் மாறாது என்பதை நீங்கள் எழுதிப் பாருங்கள்.