அதிகாரிகளின் பணிவிடைச் சிப்பாய்கள்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நாற்புறமும் கடல் சூழ நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை, போர்த்துக்கேயரால் கட்டப்பட்டு, குடிநீர் இன்மையால் 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடம் பணிந்து, 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று.

அவ்வாறு இங்கு வந்த ஆங்கிலேயரின் இராணுவ சம்பிரதாயப்படி, அதிகாரிகளின் சொந்தப் பணிவிடைக்கென அவரவர் படையிலிருந்தே சிப்பாய்கள் நியமிக்கப்பட்டனர். ஆர்டர்லி எனப்பட்ட அச்சிப்பாய், விடியுமுன் எழுந்து சவரத்துக்கு வெந்நீர் வைத்து, சப்பாத்துக்களைத் துலக்கி, தோல்வார்களுக்கு வெண்களி பூசி, பிளவுள்ள தகடொன்றைப் பித்தளைப் பொத்தான்களின் பின்னே செருகி மெருகுப்பசை துணியிற் படியாதவாறு தேய்த்து முடிக்கும்போதுதான், அதிகாரி கண்விழிப்பார். போர்க்களத்திலோ உத்தரவுச் சீட்டைச் சுமந்து குண்டுமாரியினூடே ஓட வேண்டியவனும் அவனே. இத்தகைய சேவையை வெறும் ஏவல் என்று ஒதுக்குவது அநியாயம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெடுந்தீவை நிர்வகித்த லெப்டினன்ட் நோலனின் நாமம் அத்தீவின் குதிரைகளோடு சேர்த்து இன்றும் பேசப்படுகின்றது. அக்காலத்தில் அதிகாரிகளின் குதிரைக்குச் சேணமிட்ட பணிவிடைக் கைகளுக்கோ அந்தக் கீர்த்தி வாய்க்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் பிரித்தானியா இந்த ஆர்டர்லி வழக்கத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டது. இந்திய இராணுவத்திலோ ‘சகாயக்’ என்னும் பெயரில் சுதந்திரத்தின் பின்னும் அது நீடித்தது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் நிலவிய ஆர்டர்லி முறையை 1979ஆம் ஆண்டில் அரசு ஆணையொன்று ஒழித்தது. எனினும், 2022ஆம் ஆண்டிலும் சென்னை உயர்நீதிமன்றம் அது தொடர்வதைக் கண்டிக்க நேர்ந்தது.