தகர வருக்கப் பாட்டும் புலமைப் போட்டியும்

குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றில் ‘பகைவர்’ என்னும் குறிப்புக்கு நான்கு கட்டங்கள் தரப்பட்டுள்ளன எனக் கொள்வோம். தெவ்வர், ஒன்னார், மாற்றார், நண்ணார் ஆகிய நான்கும் பொருந்தும். மெய்யெழுத்தும் தனிக்கட்டம் பெறுதலின், இவையெல்லாம் நாலெழுத்துச் சொற்களே. எண்ணிக்கை மட்டும் விடை காட்டாது. குறுக்கே செல்லும் சொல் இரண்டாம் கட்டத்தில் ணகர மெய்யை நிறுத்துமாயின், நண்ணார் என்பதொன்றே எஞ்சும்.

குறிப்பு ‘போட்டியாளர்’ என்றிருப்பின் அவ்விடை பொருந்துமோ எனின், பொருந்தாது. நண்ணார் என்பது நெருங்காதவர் எனப் பொருள்படும் எதிர்மறைப் பெயர். போட்டியிடுவோரோ ஓரவையில் எதிரெதிர் அமர்ந்து, ஒரே விதிக்கு உடன்படுபவர். இவ்வேறுபாட்டை விளக்கவல்ல வரலாறொன்று திருவண்ணாமலை அருணகிரிநாதரைப் பற்றி வழங்குகின்றது.

அருணகிரியார் 15ஆம் நூற்றாண்டினர். திருப்புகழில் அவர் குறிக்கும் பிரபுடதேவ மாராயர், 1422 முதல் 1446 வரை ஆண்ட விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் என்பர். பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் புலவரை வாதுக்கழைத்துத் தோற்றவர் செவியை அறுத்து வந்தனர் என்றும், அருணகிரியார் கந்தரந்தாதியைப் பாடப்பாட அவர் உடனுக்குடன் உரை கூறினர் என்றும், 54ஆம் பாட்டில் உரைகாணாது நின்றனர் என்றும் கதை கூறும். இது செவிவழிச் செய்தியே. இருவரும் ஒரு காலத்தவர் என்று துணிதற்கு இக்கதையொன்றே சான்றாகாது. ஆயின், பாட்டு நம் கையில் உள்ளது. அதன் அருமையை ஆராயக் கதையின் மெய்ம்மை வேண்டுவதன்று.

கட்டளைக் கலித்துறையாகிய அப்பாட்டு முழுதும் தகரமெய்யும் அதன் உயிர்மெய்களுமே வருவது. வேறெழுத்து இன்மையின் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது செவிக்குப் புலனாகாது. இதனை விடுவிக்கும் நெறி மூன்று.

முதலாவது, சொற்பிரிப்பு. தாதை, தத்தை, தித்தி, துதி முதலிய அறிந்த சொற்களை முதலில் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். இரண்டாவது, விகாரம் உணர்தல். தந்தம் என்பது வலித்தல் விகாரத்தால் தத்தம் என நிற்கும். மூன்றாவது, அயற்சொல்லால் பொருள் துணிதல். இதுவே தலையாயது. அத்தி என்னும் ஒருசொல் அப்பாட்டில் மூன்று பொருள் தரும். திருமால் பள்ளிகொள்ளும் இடத்தைக் கூறுமிடத்து அது கடல். தத்தம் என்பதை அடுத்தவிடத்து ஐராவதம் என்னும் யானை. பை எனப் பொருள்படும் தித்தியைச் சார்ந்தவிடத்து எலும்பு. அப்தி, ஹஸ்தின், அஸ்தி என்பனவற்றுள் யானையைக் குறிக்கும் வடசொல்லின் ஹகரம் கெட்டும், ஏனையவற்றின் மெய்ம்மயக்கம் திரிந்தும், மூன்றும் தமிழில் ஒருவடிவுற்றன. குறுக்கெழுத்தில் வெட்டிச் செல்லும் சொல் செய்யும் வேலையை ஈண்டு அயற்சொல் செய்கின்றது.

இவ்வாறு காணின், சிவபிரானும் நான்முகனும் திருமாலும் வணங்கும் முதல்வனே, தெய்வயானையின் அடியவனே, எலும்புப் பையாகிய இவ்வுடல் தீயில் வேகும் நாளில் என் அறிவு நின்னைத் துதித்தலைப் பற்றி நிற்க வேண்டும் என்னும் வேண்டுகோள் வெளிப்படும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. எதிரியை மயக்குதலே நோக்கமாயின் பொருளற்ற ஒலிக்கூட்டமே போதும். இப்பாட்டில் ஒவ்வொரு சொல்லும் இலக்கணத்துக்கு அடங்கியது. முயன்றால் விடை கிட்டும். அரிய புதிருக்கும் நேர்மையற்ற புதிருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. 1913 டிசம்பர் 21இல் ‘நியூயார்க் வோர்ல்டு’ இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதற் குறுக்கெழுத்துக்கும் இவ்வறமே அடிப்படை: விடுப்பவர்க்கு வழி இருத்தல் வேண்டும்.

கதையின் முடிவும் இதனோடு ஒத்தது. அருணகிரியார் தாமே உரை கூறி, வென்றும் செவியை அறுக்காது விடுத்தனர். அக்கொடிய வழக்கமும் அன்றே ஒழிந்தது என்பர். வில்லியார் பெயரால் கந்தரந்தாதிக்கு ஓர் உரையும் வழங்குகின்றது. தோற்றவர் உரையாசிரியராக நினைக்கப்படும் போட்டியில் நண்ணார் ஒருவரும் இலர்.