டிக்கெட்டில் ஒரு விமானம்... ஏறுவது இன்னொரு விமானம்! லக்கேஜ் கட்டணம் யார் கணக்கில்?

'கோட்ஷேர்' டிக்கெட்டில் பறப்பவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்

சென்னை மீனம்பாக்கம் பன்னாட்டு முனையத்தில் நள்ளிரவு நேரத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காகக் கிளம்பி வந்திருக்கிறார்கள், அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. ஆளுக்கு இரண்டு சூட்கேஸ். உள்ளே பிரசவ லேகியம், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், பிறக்கப்போகும் பேரக் குழந்தைக்குப் பழைய காட்டன் புடவையில் தைத்த துணிகள்.

மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிக்கெட்டில் இருப்பது ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் பெயர். கவுன்ட்டர்களுக்கு மேலே ஓடும் பலகையை அப்பா மூன்று முறை பார்த்துவிட்டார். அந்தப் பெயர் எங்கேயும் இல்லை. விசாரித்தால், "சார், அவங்க ஃப்ளைட் சென்னைக்கே வராது. நீங்க ஏறப்போறது வேற கம்பெனி ஃப்ளைட். அந்தக் கடைசி வரிசைக்குப் போங்க" என்று பதில் வருகிறது.

அங்கே போய் நின்றால் அடுத்த சிக்கல். "ஆளுக்கு ஒரு பெட்டிதான் சார் ஃப்ரீ. மீதி ரெண்டுக்கும் பணம் கட்டணும்."

"ஆளுக்கு ரெண்டுன்னு பொண்ணு சொன்னாளேம்மா..."

வரிசை பின்னால் நீள்கிறது. அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்க ஆரம்பிக்கிறார். லேகியத்தை விடுவதா, ஊறுகாயை விடுவதா?

இந்த இடத்தில் கவுன்ட்டர் ஊழியர் சொன்னது சரியாக இருக்கலாம். மகள் சொன்னதும் சரியாக இருக்கலாம். எது சரி என்பதற்கான விடை அப்பாவின் போனில், அந்த டிக்கெட்டிலேயே இருக்கிறது. எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

ஆம்னி பஸ் மாதிரிதான்!

ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போட்டு, கிளாம்பாக்கத்தில் போய் நின்றால் வேறு டிராவல்ஸ் பேர் எழுதிய பஸ் வந்து நிற்கும் அனுபவம் பலருக்கு உண்டு. கோட்ஷேர் என்பது ஏறக்குறைய அதுதான். ஒரு வித்தியாசம்: இங்கே இரண்டு நிறுவனங்களும் முன்கூட்டியே உடன்பாடு போட்டு, ஒரே விமானத்துக்குத் தனித்தனி எண் கொடுத்து விற்கின்றன. டிக்கெட்டை விற்பவர் ஒருவர், விமானத்தை ஓட்டுபவர் இன்னொருவர்.

இது புதிய பழக்கம் இல்லை. அமெரிக்காவின் அலிகெனி ஏர்லைன்ஸ், 1967-லேயே சிறு நகரங்களுக்கான பாதைகளைச் சிறிய நிறுவனங்களிடம் கொடுத்துத் தன் பெயரில் பறக்கவிட்டது. இன்று உலகின் பெரிய நிறுவனங்கள் பலவும் இப்படி விற்கின்றன. இந்தியாவுக்குள் பறக்கும் இண்டிகோ விமானங்களில் பலவற்றுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் தங்கள் எண்ணைப் போட்டு விற்க உடன்பாடு செய்திருக்கின்றன. லுப்தான்சா ஓட்டும் விமானத்துக்கு யுனைடெட் டிக்கெட் விற்பதும் இதே கதைதான்.

பயணிக்கு இதில் லாபம் உண்டு. ஒரே டிக்கெட், ஒரே கட்டணம். வழியில் ஒரு விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று விமானம் ஏற்பாடு செய்யும் பொறுப்பு விமான நிறுவனங்களுடையது. குழப்பம் வருவது பெரும்பாலும் செக்-இன்னிலும் லக்கேஜிலும்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இ-டிக்கெட்டில் விமான எண்ணுக்குக் கீழே, பெரும்பாலும் சின்ன எழுத்தில், 'ஆபரேட்டட் பை' என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் உங்களை உண்மையில் ஏற்றிச்செல்லப்போகும் நிறுவனம். விமானத்தை ஓட்டுவது யார் என்பதைப் பயணியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்காவிலும், 2005-ல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதியிலும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். விமான எண் நான்கு இலக்கத்தில் பெரிய எண்ணாக இருந்தால், அதுவும் கோட்ஷேராக இருக்கலாம் என்பதற்கு ஓர் அடையாளம்.

செக்-இன் எங்கே?

இதற்கு விடை எளிது. விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் கவுன்ட்டரில். இரண்டு மூன்று விமானம் மாறிப் போகும் பயணம் என்றால், முதல் விமானத்தை ஓட்டுபவரிடம்.

வெப் செக்-இன் செய்யும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் ஆப்பில் பி.என்.ஆர். எண்ணைப் போட்டால் ஏற்காமல் போகலாம். காரணம், ஒரே பயணத்துக்கு இரண்டு நிறுவனங்களின் கம்ப்யூட்டரிலும் தனித்தனி பி.என்.ஆர். பதிவாகியிருக்கும். ஓட்டும் நிறுவனத்தின் பி.என்.ஆர். பல நேரம் இ-டிக்கெட்டிலேயே இருக்கும். இல்லையென்றால், விற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு, "ஓட்டுற ஏர்லைனோட பி.என்.ஆர். வேணும்" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணை வைத்து ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில் உள்ளே போனால், சீட் தேர்வு, சாப்பாட்டு விருப்பம், சக்கர நாற்காலி கோரிக்கை எல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு வீல்சேர் கேட்டிருப்பவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும்.

பி.என்.ஆர். மாறினாலும் மாறாத எண் ஒன்று உண்டு. அதுதான் 13 இலக்க டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் காட்டும். ஏர் இந்தியா என்றால் 098, லுப்தான்சா 220, கத்தார் ஏர்வேஸ் 157. எந்தக் கவுன்ட்டரில் குழப்பம் வந்தாலும் இந்த எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

லக்கேஜ் விதி யாருடையது?

'ஓட்டுபவரிடம் செக்-இன் செய்கிறோம், அதனால் லக்கேஜுக்கும் அவர் விதிதான்' என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் பணம் போகிறது.

அமெரிக்காவில் தொடங்கும் அல்லது அமெரிக்காவில் முடியும் பயணங்களுக்கு அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி ஒன்று இருக்கிறது. 2012-ல் நடைமுறைக்கு வந்த இந்த விதிப்படி, பயணத்தின் தொடக்கத்தில் பொருந்தும் லக்கேஜ் அளவும் கட்டணமும்தான் அந்த டிக்கெட்டில் உள்ள எல்லா விமானங்களுக்கும் பொருந்த வேண்டும். கோட்ஷேர் என்றால், ஓட்டும் நிறுவனத்தின் விதி வேறாக இருந்தாலும், டிக்கெட்டை விற்ற நிறுவனத்தின் விதிதான் செல்லும். கனடா பயணங்களுக்கும் ஒரு டிக்கெட்டுக்கு ஒரே லக்கேஜ் விதி என்ற முறை 2015 முதல் இருக்கிறது.

மற்ற நாடுகளுக்குப் போகும்போது, 2011-ல் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா கொண்டுவந்த முறையைப் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. பயணத்தின் முக்கியமான கட்டத்தை, அதாவது ஒரு பெரும் பிராந்தியத்திலிருந்து இன்னொரு பிராந்தியத்துக்குக் கடக்கும் விமானத்தை, எந்த நிறுவனம் கவனிக்கிறதோ அதன் விதி மொத்தப் பயணத்துக்கும் பொருந்தும். இதில் விதிவிலக்குகளும் உண்டு.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த விதிகளையெல்லாம் கணக்குப் போட்டு வந்த முடிவு, இ-டிக்கெட்டில் 'பேக்கேஜ்' என்ற வரியில் அச்சாகியிருக்கும். '2 பி.சி.' என்றிருந்தால் ஆளுக்கு இரண்டு பெட்டி. '30 கே.ஜி.' என்றிருந்தால் மொத்தம் 30 கிலோ.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம். கிலோ கணக்கில் மொத்த எடைதான் பார்ப்பார்கள். பெட்டிக் கணக்கில் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி. எகானமி வகுப்பில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பது பரவலான அளவு. ஒன்று 26 கிலோ, இன்னொன்று 19 கிலோ என்று வைத்துவிட்டு, "மொத்தம் 45தானே சார்" என்று கேட்டால் எடுபடாது. 26 கிலோ பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் பெரும்பாலான நிறுவனங்கள் அந்தப் பெட்டியை ஏற்காது.

தனித்தனி டிக்கெட்... தனித்தனி செலவு!

மதுரையிலிருந்து மும்பை வழியாக நியூயார்க் போகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்து, ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி என்று அச்சாகியிருந்தால், மதுரையிலேயே 46 கிலோவையும் கூடுதல் பணம் இல்லாமல் போடலாம். விலை குறைவாக இருக்கிறதே என்று மதுரை - மும்பைக்கு மட்டும் தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் கதை வேறு. உள்நாட்டு எகானமி பயணத்துக்கு 15 கிலோதான் வழக்கமான அளவு. மீதி 31 கிலோவுக்கும் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டிவரும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் அங்கே போய்விடும்.

பணம் யாரிடம் கட்டுவது?

கூடுதல் பெட்டி இருக்கிறது என்று முன்பே தெரிந்தால், ஆன்லைனில் கட்டுவது பல நிறுவனங்களில் மலிவு. ஆனால், கோட்ஷேர் பயணத்தில் அவசரப்பட்டுக் கட்டிவிடக் கூடாது. தாங்களே ஓட்டும் விமானத்துக்கு மட்டும்தான் முன்கட்டணம் செல்லும் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. 'என் பயணத்தின் எல்லா விமானங்களுக்கும் இது செல்லுமா?' என்று கேட்டு, பதிலை மெயிலிலோ சாட்டிலோ எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. ஏர்போர்ட்டில் கட்டுவதென்றால், செக்-இன் செய்யும் நிறுவனத்தின் கவுன்ட்டரிலேயே கட்ட வேண்டியிருக்கும்.

கிரெடிட் கார்டு, உறுப்பினர் திட்டங்கள் மூலம் கிடைக்கும் இலவசப் பெட்டிச் சலுகை, ஓட்டும் நிறுவனம் வேறு என்றால் கிடைக்காமல் போகலாம். கைப்பை விஷயத்தில் ஓட்டும் நிறுவனத்தின் அளவைப் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. வாசலில் நின்று பையை எடை போடப்போவது அவர்களின் ஊழியர்தான்.

கவுன்ட்டரில் மறுத்தால்?

கோபப்பட்டுப் பலன் இல்லை. கவுன்ட்டர் ஊழியர் தன் கம்ப்யூட்டரில் தெரிவதைச் சொல்கிறார், அவ்வளவுதான். இ-டிக்கெட்டின் பேக்கேஜ் வரியைக் காட்டி, "இது கோட்ஷேர் டிக்கெட். இதில் இப்படிப் போட்டிருக்கு. டூட்டி மேனேஜரைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க" என்று கேட்கலாம். அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, நேரமும் ஆகிவிட்டது என்றால், பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது, இ-டிக்கெட், லக்கேஜ் சீட்டு மூன்றையும் வைத்து, டிக்கெட்டை விற்ற நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ரசீது இல்லாமல் கட்டிய பணத்துக்குப் பின்னால் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

பெட்டி எங்கே இறங்கும்?

பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிட வேண்டும். கடைசி ஊர் வரை சீட்டு போட்டிருந்தாலும், அமெரிக்காவுக்குள் முதலில் இறங்கும் ஊரில் பொதுவாகப் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் முடித்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களுக்கும் பொதுவாக இதே நடைமுறைதான்.

பெட்டி வரவில்லை என்றால், அரங்கை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, கடைசியாக ஏற்றிவந்த நிறுவனத்தின் பேக்கேஜ் கவுன்ட்டரில் புகார் பதிவுசெய்து நகல் வாங்க வேண்டும். இந்தியா 2009-ல் சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமடைந்த பெட்டிக்கு 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கோட்ஷேரில், டிக்கெட் விற்றவர், விமானத்தை ஓட்டியவர் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் இழப்பீடு கேட்கலாம். 'அவங்களைக் கேளுங்க' என்று இருவருமே கைகாட்டித் தப்பிக்க முடியாது. இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

* 'ஆபரேட்டட் பை' வரியைப் பார்த்து, எந்தக் கவுன்ட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
* ஓட்டும் நிறுவனத்தின் பி.என்.ஆர். எண்ணை வாங்கி வையுங்கள்.
* பேக்கேஜ் வரி பெட்டிக் கணக்கா, கிலோ கணக்கா என்று பாருங்கள்.
* வீட்டிலேயே ஒவ்வொரு பெட்டியையும் தனியாக எடை போடுங்கள்.
* இ-டிக்கெட்டைக் காகிதத்தில் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

கடைசி வரி குறிப்பாக, வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு டிக்கெட் போட்டு அனுப்பும் பிள்ளைகளுக்கு. வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்பியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பேக்கேஜ் வரியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவைக்கச் சொல்லிவிட்டால் போதும். அடுத்த முறை கவுன்ட்டரில் கேள்வி வரும்போது, அப்பா அந்தக் காகிதத்தை நீட்டுவார். அம்மா தரையில் உட்கார்ந்து லேகிய டப்பாவை வெளியே எடுக்க வேண்டியிருக்காது.